கழுகுக்குக் கீழே ஒரு சின்ன எழுத்து: அமெரிக்கக் கிளை நாணயச்சாலைகளின் தங்கக் காசுகள்

நம் வீட்டில் பழைய தங்கக் காசு ஒன்று கைக்கு வந்தால் முதலில் எடை போடுவோம். எத்தனை பவுன், இன்றைக்குக் கிராம் என்ன விலை, மாற்று எவ்வளவு, இவ்வளவு தெரிந்தால் போதும், கணக்கு முடிந்தது. காசில் யார் தலை இருக்கிறது, எந்த வருஷம் அடித்தது என்பதற்காக நகைக்கடைக்காரர் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கமாட்டார்.

இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும் ஓர் உலகம் உண்டு. அதற்கு நான்கு காசுகளை எடுத்துக்கொள்வோம். நான்கும் அமெரிக்க 5 டாலர் தங்கக் காசுகள், நான்கிலும் வருஷம் 1847. எடை 8.36 கிராம், அதாவது நம் பவுனைவிடக் கொஞ்சம் கூடுதல். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. நான்கிலும் ஒரே பெண் தலை, பின்பக்கம் ஒரே கழுகு. நகைக்கடைத் தராசில் போட்டால் நான்குக்கும் ஒரே விலைதான்.

ஆனால் ஒன்றில் கழுகுக்குக் கீழே எதுவுமில்லை. அது பிலடெல்பியாவில் அடித்தது, மொத்தம் 9,15,981 காசுகள். இன்னொன்றில் கழுகின் காலடியில் ‘சி’ என்ற சின்ன ஆங்கில எழுத்து. அது வட கரோலினாவின் சார்லட், 84,151 காசுகள். மூன்றாவதில் ‘டி’. அது ஜார்ஜியா மலையடிவாரத்தில் இருக்கும் டலோனிகா, 64,405 காசுகள். நான்காவதில் ‘ஓ’. நியூ ஆர்லியன்ஸ், வெறும் 12,000. பிலடெல்பியாக் காசு தேய்ந்த நிலையில் தங்கத்தின் விலையைவிடக் கொஞ்சம் மேலே கிடைத்துவிடும். சி, டி காசுகளுக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். ‘ஓ’ போட்ட 1847ஐ நல்ல நிலையில் பார்ப்பதே அபூர்வம்.

அந்த ஓர் எழுத்துக்கு ஏன் அவ்வளவு விலை என்பதுதான் இந்தக் கட்டுரை. பெயர்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 10 டாலர் தங்கக் காசுக்கு ஈகிள் என்று பெயர், கழுகு. 5 டாலர் ஹாஃப் ஈகிள், இரண்டரை டாலர் குவார்ட்டர் ஈகிள், 20 டாலர் டபுள் ஈகிள். இவை தவிர 1 டாலர், 3 டாலர் காசுகளும் தங்கத்தில் உண்டு. காசை அடித்த ஊரைக் காட்டும் எழுத்துக்கு மின்ட் மார்க் என்பார்கள். சென்னைக்காரர்களுக்கு மின்ட் என்றால் தங்கசாலைதான். சார்லட்டும் டலோனிகாவும் தங்கம் தவிர வேறெதையும் அடித்ததில்லை என்பதால் அந்தத் தமிழ்ப் பெயர் அவற்றுக்கு இன்னும் சரியாகப் பொருந்தும்.

கதவுக்கு முட்டுக்கொடுத்த தங்கம்

அமெரிக்காவில் தங்க வேட்டை என்றால் எல்லோருக்கும் கலிபோர்னியா நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கிழக்கில் தொடங்கிவிட்டது. 1799இல் வட கரோலினாவில், சார்லட்டுக்குப் பக்கத்தில், கான்ராட் ரீட் என்ற 12 வயதுப் பையன் ஓடையில் மஞ்சளாக ஒரு கல்லைப் பார்த்து வீட்டுக்குத் தூக்கிவந்தான். எடை 17 பவுண்டு, ஏறக்குறைய ஏழே முக்கால் கிலோ. அது என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்க வசதியாக இருந்தது. மூன்று வருஷம் அதே வேலையைத்தான் செய்தது. 1802இல் அப்பா ஜான் ரீட் அதை ஒரு நகை வியாபாரியிடம் மூன்றரை டாலருக்கு விற்றார். உண்மையான மதிப்பு 3,600 டாலர் அளவில் இருந்திருக்கும். பிறகு விவரம் தெரிந்து அந்த நிலத்திலேயே சுரங்கம் தோண்டினார்கள். ரீட் சுரங்கம் இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

1820களின் கடைசியில் ஜார்ஜியாவின் மலைப்பகுதியிலும் தங்கம் கிடைத்தது. அது செரோக்கி மக்களின் நிலம். டலோனிகா என்ற பெயரே மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் செரோக்கிச் சொல்லிலிருந்து வந்ததுதான். தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் புகுந்தார்கள். ஜார்ஜியா அரசு 1832இல் அந்த நிலத்தைத் துண்டுபோட்டுக் குலுக்கல் சீட்டு நடத்திப் பங்கிட்டது. 1838இல் ராணுவம் வந்து செரோக்கி மக்களை வீடுகளிலிருந்து பிடித்து மேற்கே நடத்திச் சென்றது. வழியிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். டலோனிகாவில் முதல் காசு அடித்ததும் அதே 1838தான். ‘டி’ போட்ட முதல் வருஷக் காசைக் கையில் எடுக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விற்பனைக் குறிப்புகளில் இதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

தங்கம் மலையில் கிடைக்கிறது, காசு அடிக்கும் இடமோ வடக்கே பிலடெல்பியாவில். ரயில் இல்லாத காலம். தூளையும் கட்டியையும் குதிரைவண்டியில் ஏற்றி அனுப்பினால் வழியில் கொள்ளை போகலாம், போய்ச் சேர்ந்தாலும் காசாகத் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். கையில் காசில்லாததால் ஊரில் தங்கத்தூளை நிறுத்துக் கொடுத்துத்தான் வியாபாரம் நடந்தது. நிறுக்கிறவர் கை எப்படியோ அப்படி. இந்த இடைவெளியில்தான் கிறிஸ்டோபர் பெக்ட்லர் என்ற ஜெர்மானியப் பொற்கொல்லர் வட கரோலினாவின் ரதர்போர்ட்டனில் 1831 முதல் சொந்தமாகவே தங்கக் காசு அடித்துக் கொடுத்தார். அப்போது அதற்குச் சட்டத்தில் தடையில்லை. அமெரிக்க அரசு 1 டாலர் தங்கக் காசு அடித்தது 1849இல்தான். பெக்ட்லர் அதற்குப் பல வருஷம் முந்திவிட்டார்!

கடைசியில் 1835 மார்ச் 3 அன்று, ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபராக இருக்கும்போது, மூன்று கிளை நாணயச்சாலைகளுக்குச் சட்டம் வந்தது. சார்லட், டலோனிகா, நியூ ஆர்லியன்ஸ். மூன்றும் காசு அடிக்கத் தொடங்கியது 1838இல். நியூ ஆர்லியன்ஸின் கதை மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே சுரங்கம் கிடையாது. மிசிசிப்பி ஆற்றின் வாயில் இருக்கும் துறைமுகம், வெளிநாட்டுத் தங்கமும் வெள்ளியும் வணிகத்தில் வந்து குவியும் இடம். அதனால் அங்கே இரண்டு உலோகத்திலும் அடித்தார்கள். 10 டாலர், 20 டாலர் என்ற பெரிய காசுகளும் மூன்றில் அங்கே மட்டும்தான். மலை ஊர்கள் இரண்டும் 5 டாலருக்கு மேல் போகவே இல்லை.

பின்னால் 1854இல் சான் பிரான்சிஸ்கோவும் 1870இல் நெவாடாவின் கார்சன் சிட்டியும் சேர்ந்தன. அவற்றின் எழுத்துகள் ‘எஸ்’, ‘சிசி’. அவை மேற்கின் கதை, இங்கே தேவைப்படும்போது மட்டும் தொட்டுக்கொள்கிறேன்.

எழுத்து எங்கே இருக்கும்?

1838, 1839 வருஷங்களில் குவார்ட்டர் ஈகிளிலும் ஹாஃப் ஈகிளிலும் எழுத்து முன்பக்கம், தலைக்கும் தேதிக்கும் நடுவில் இருக்கும். 1840 முதல் பின்பக்கம் போய்விட்டது, கழுகுக்குக் கீழே. 1 டாலர் காசில் பின்பக்க மாலையின் முடிச்சுக்குக் கீழே தேட வேண்டும். அந்த டாலர் காசின் குறுக்களவு முதலில் 13 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு. லென்ஸ் இல்லாமல் முடியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் உங்கள் முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும், காசு அப்புறம்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘டி’ பார்த்தவுடன் டலோனிகா என்று துள்ளக் கூடாது. 1906இல் டென்வரில் நாணயச்சாலை திறந்து அதே எழுத்தை எடுத்துக்கொண்டது. டலோனிகா 1861இலேயே மூடிவிட்டது. ஆகவே 1861 வரை என்றால் டலோனிகா, 1906 முதல் என்றால் டென்வர். குழம்ப வழியே இல்லை, தேதியைப் பார்த்தால் போதும். ஆனால் உற்சாகத்தில் தேதியைப் பார்ப்பதில்லை.

காசு அடிக்கும் அச்சுகள் எல்லாமே பிலடெல்பியாவில் செய்து கிளைகளுக்கு அனுப்பியவை. ஊர் எழுத்தை மட்டும் அச்சில் கையால் குத்துவார்கள். அதனால் ஒவ்வோர் அச்சிலும் எழுத்து ஒரு மயிரிழை இடமோ வலமோ தள்ளியிருக்கும், சாய்ந்திருக்கும், சிலவற்றில் இருமுறை குத்திய தடம்கூடத் தெரியும். எந்த வருஷத்து எந்த அச்சில் எழுத்து எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் படத்தோடு பதிந்து வைத்திருக்கிறார்கள். போலியைப் பிடிக்க இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அச்சு தேய்ந்தால் புதிது வரும்வரை தேய்ந்ததை வைத்தே ஓட்டியாக வேண்டும். அச்சிலேயே குறை இருந்தாலும் அதே கதைதான். 1860, 1861 டலோனிகா டாலர்களில் ‘யுனைட்டட்’ என்ற சொல்லின் முதல் எழுத்து அச்சிலேயே சரியாக விழவில்லை, ‘நைட்டட்’ என்று படிக்கும்படி இருக்கும். கடையில் வேறு பொருளாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இங்கே அந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எத்தனை அடித்தார்கள் என்பது பாதிக் கதை

அபூர்வம் என்றதும் எல்லோரும் அடித்த எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். அதிலும் கண்ணை விரிக்கும் எண்கள் உண்டு. டலோனிகாவின் 1856 குவார்ட்டர் ஈகிள் மொத்தமே 874. 3 டாலர் காசை டலோனிகா ஒரே ஒரு வருஷம், 1854இல், 1,120 அடித்ததோடு சரி. நியூ ஆர்லியன்ஸின் 1856 டபுள் ஈகிள் 2,250.

ஆனால் உண்மையான கேள்வி, இன்றைக்கு எத்தனை மிச்சம், அதுவும் எந்த நிலையில்? அடித்ததில் மிகச் சிறிய பங்குதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தெற்கில் இந்தக் காசுகள் பெட்டியில் தூங்கியவை அல்ல. சந்தையில், பருத்தி வியாபாரத்தில், கடன் அடைப்பதில் கைமாறிக் கைமாறித் தேய்ந்தன. ஏற்றுமதியாகி ஐரோப்பாவில் உருகின. உள்நாட்டுப் போரின்போது பதுங்கின. 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் தங்கத்தை வங்கியில் ஒப்படைக்கச் சொன்னபோது சேகரிப்பாளர்களின் அரிய காசுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். அரிது என்று தெரியாத வீடுகளிலிருந்து போனவை போனவைதான்.

இதில் இன்னொரு கொடுமை. அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் ஊர் எழுத்தை மதிக்கவே இல்லை. வருஷத்துக்கு ஒரு காசு இருந்தால் போதும், பிலடெல்பியாவா டலோனிகாவா என்பது பொருட்டில்லை. 1893இல் அகஸ்டஸ் ஹீட்டன் என்ற ஓவியர், கிளைகளின் காசுகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு சிறு நூல் எழுதிய பிறகுதான் கவனம் திரும்பியது. டலோனிகாவும் சார்லட்டும் மூடி அப்போதே முப்பது வருஷம் தாண்டிவிட்டது. புதுக் கருக்கோடு யாரும் எடுத்துவைக்கவில்லை. தேய்ந்த ‘டி’ காசுக்கும் தேயாத ‘டி’ காசுக்கும் விலையில் அவ்வளவு பெரிய பள்ளம் இருப்பது இதனால்தான்.

அபூர்வம் நிலையானதும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் 1857 டபுள் ஈகிளை எடுத்துக்கொள்ளுங்கள். தேயாத நிலையில் அது ஒரு காலத்தில் கிடைப்பதற்கு அரியது. 1857 செப்டம்பரில் எஸ்எஸ் சென்ட்ரல் அமெரிக்கா என்ற கப்பல் கலிபோர்னியாத் தங்கத்தோடு கரோலினாக் கடலுக்கு அப்பால் புயலில் மூழ்கியது. 425 பேர் இறந்தார்கள். 1988இல் கடலடியில் கப்பலைக் கண்டுபிடித்து மேலே கொண்டுவந்தபோது அந்த ஒரே வருஷத்து எஸ் காசு ஐயாயிரத்துக்கும் மேல் இருந்தது, நேற்று அடித்தது போல. அரிய காசு ஒரே நாளில் எளிதாகக் கிடைக்கும் காசாகிவிட்டது. சார்லட், டலோனிகாக் காசுகளுக்கு இதுவரை அப்படி ஒரு பெரிய புதையல் வரவில்லை.

1861: யாருடைய காசு?

கிளைகளின் கதையில் எல்லோரும் சுற்றிச் சுற்றி வருவது இந்த வருஷத்துக்குத்தான். தென் மாநிலங்கள் பிரிந்து போனபோது மூன்று நாணயச்சாலைகளும் அவர்கள் கைக்குப் போயின. அச்சுகள் உள்ளேயே இருந்தன. கொஞ்சம் தங்கமும் மிச்சம் இருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்று எழுதிய அச்சை வைத்து, அந்த நாட்டை எதிர்த்துப் பிரிந்தவர்கள் காசு அடித்தார்கள்.

நியூ ஆர்லியன்ஸின் 1861 டபுள் ஈகிள் மொத்தம் 17,741. அதில் 5,000 அமெரிக்க அரசு அடித்தது, 9,750 லூசியானா மாநிலம் அடித்தது, 2,991 பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென் கூட்டமைப்பு அடித்தது. கையிலிருக்கும் ஒரு காசு இவற்றில் யாருடையது? அச்சில் விழுந்த கீறலையும் தேதியின் தேய்மானத்தையும் வைத்து ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்லப் பார்க்கிறார்கள்.

டலோனிகாவின் 1861 டாலர் இன்னும் வினோதம். அமெரிக்க அரசுக் கணக்கில் அப்படி ஒரு காசே இல்லை. அந்த வருஷத்து டாலர் அச்சு பிலடெல்பியாவிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. நாணயச்சாலை கை மாறியபின் தென் கூட்டமைப்பினர் அதை வைத்து அடித்திருக்கிறார்கள், எத்தனை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. முழுக்க அவர்களே அடித்த காசு என்று சொல்லக்கூடியது இது என்பதால் ஏலத்தில் வந்தால் போட்டி கடுமையாக இருக்கும். நம் பட்ஜெட்டுக்கு அல்ல, படம் பார்த்துக்கொள்ளலாம்.

போருக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் மட்டும் 1879இல் மறுபடி திறந்து 1909 வரை ஓடியது. டலோனிகாவின் கட்டடம் கல்லூரியானது. 1878இல் எரிந்துபோய், அதே அஸ்திவாரத்தின் மேல் எழுந்த கட்டடம் இன்றும் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, கோபுர உச்சியில் உள்ளூர்த் தங்கத்தகடு போர்த்தியிருக்கிறார்கள். சார்லட் நாணயச்சாலை 1844இலேயே ஒரு தீ விபத்தைப் பார்த்தது. அதனால்தான் 1845 என்று போட்ட ‘சி’ காசு கிடையாது. யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பின்னர் அந்தக் கட்டடத்தை இடிக்கப் போனார்கள். ஊர் மக்கள் காப்பாற்றி, கல் கல்லாகப் பிரித்து வேறு இடத்தில் கட்டி, 1936இல் கலை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

பளபளப்பு என்ற பொறி

நான் அட்லாண்டாவில் இருக்கிறேன். டலோனிகா ஒன்றரை மணி நேர ஓட்டம். ஊர் நடுவே பழைய நீதிமன்றக் கட்டடத்தில் தங்க அருங்காட்சியகம், அங்கே டலோனிகாக் காசுகளின் முழு வரிசையும் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் ஒரு நாணயக் கண்காட்சியில் 1853 ‘டி’ ஹாஃப் ஈகிள் ஒன்று வாங்கினேன். டலோனிகாவில் எளிதாகக் கிடைக்கும் வருஷங்களில் அதுவும் ஒன்று. தரம் பார்த்து உறையில் அடைக்காத காசு, மற்ற மேசைகளைவிட விலை குறைவு, மற்றவை எல்லாம் அழுக்காக இருக்க இது மட்டும் கல்யாணத்துக்குப் புறப்பட்டது போல மின்னியது. நம் ஊர் கண்ணுக்கு அது போதாதா?

வீட்டுக்கு வந்து விளக்கடியில் லூப் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பெண் தலைக்கு முன்னால் இருக்கும் வெற்று இடத்தில் மயிரிழைக் கோடுகள், எல்லாம் ஒரே திசையில், பாத்திரம் தேய்த்த மாதிரி. நட்சத்திரங்களின் இடுக்கில்கூட அழுக்கு இல்லை. 150 வருஷத்துக் காசின் இடுக்கில் அழுக்கு இருந்தாக வேண்டும். பிறகு விளிம்பைத் திருப்பினேன். தலைக்கு நேர் மேலே, பன்னிரண்டு மணி இடத்தில், விளிம்பின் வரிப்பள்ளங்கள் நான்கைந்து மழுங்கியிருந்தன, அங்கே மட்டும் தங்கத்தின் நிறம் ஒரு பிடி வெளுத்திருந்தது. காசுமாலை பார்த்து வளர்ந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. யாரோ ஒரு காலத்தில் கொக்கி பற்றவைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள், பிறகு கொக்கியை எடுத்து அராவி, மொத்தக் காசையும் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள்.

தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். எண் கொடுக்காமல், ‘சுத்தம் செய்தது, பழுதுபார்த்தது’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். நஷ்டத்துக்குத்தான் விற்க முடிந்தது. விற்றவர்மேல் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் மேசையிலேயே லூப் இருந்தது, எடுத்துப் பார்க்காதது நான்.

தரம் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் குறிப்பார்கள். 60உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு, எம்எஸ் என்று முன்னால் போடுவார்கள். 50 முதல் 58 வரை ஏயூ, ஏறக்குறையப் புழங்காதது. 40, 45 எக்ஸ்எஃப். அதற்குக் கீழே விஎஃப். 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ்ஸும் 1987இல் தொடங்கிய என்ஜிசியும்தான் இதில் பெரிய பெயர்கள். அவர்கள் காசைப் பார்த்து அசலா, என்ன நிலை என்று தீர்மானித்து, எண்ணோடு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். அதைத்தான் ஸ்லாப் என்கிறார்கள்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. கிளைக் காசுகளில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பல காசுகள் அடிக்கும்போதே பலவீனமாக விழுந்தவை. கழுகின் கழுத்து, பெண்ணின் நெற்றிக்கு மேலுள்ள சுருள்முடி இங்கெல்லாம் வடிவமே சரியாக ஏறியிருக்காது. புதியவர் அதைத் தேய்மானம் என்று நினைப்பார். வித்தியாசம் காண்பது எப்படி? காசைச் சாய்த்துச் சாய்த்து விளக்கு வெளிச்சத்தை அதன்மேல் ஓடவிடுங்கள். தேய்ந்த இடம் மங்கி, நிறம் மாறித் தெரியும். பலவீனமாக அடித்த இடத்தில் வடிவம் இல்லாவிட்டாலும் மினுமினுப்பு உடையாமல் ஓடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. இருபது முப்பது காசு பார்த்தால் தானாக வரும். கண்காட்சிகளில் பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை.

எனக்குப் பிடித்தது விஎஃப், எக்ஸ்எஃப் நிலையில், யாரும் தேய்க்காத, இடுக்குகளில் கறுப்பும் பரப்பில் சாம்பல் கலந்த பச்சையோ தேன் நிறமோ படிந்த காசு. டலோனிகாத் தங்கத்தில் இயற்கையாகவே வெள்ளி கலந்திருந்ததால் சில காசுகளில் லேசான பச்சைச் சாயல் இருக்கும். மேற்பரப்பைக் கெடுத்து ஏயூ எண் வாங்கிய காசைவிட, நேர்மையாகத் தேய்ந்த ஒரு காசு பார்க்கவும் நன்றாக இருக்கும், விற்கவும் எளிது. சந்தையில் எல்லோரும் இப்படி நினைப்பதில்லை, மின்னுவதற்கும் வாங்குபவர் உண்டு.

போலியும் ஒட்டுவேலையும்

முழுப் போலியைவிட இங்கே அதிகம் பயப்பட வேண்டியது ஒட்டுவேலைக்கு. அசல் பிலடெல்பியாக் காசை மலிவாக வாங்கி, கழுகுக்குக் கீழே ‘டி’ அல்லது ‘சி’ எழுத்தை ஒட்டிவிடுவார்கள். எடை சரி, தங்கம் சரி, தேதி சரி. உரைகல்லும் தராசும் இங்கே உதவாது. எழுத்தின் அடியைப் பார்க்க வேண்டும். அச்சில் குத்திய எழுத்து, பரப்பிலிருந்து எழும்பிவந்தது போல வளைந்து சேரும். ஒட்டிய எழுத்தின் அடியில் நூலிழைக் கோடு தெரியும், சுற்றிலும் பசையின் நிறமோ தேய்த்த தடமோ இருக்கும். கூடவே, அந்த வருஷத்து அச்சில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தோடு படத்தை ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் வேண்டாம். அதனால்தான் இந்த வகைக் காசை முதல் சில தடவை ஸ்லாபில் மட்டுமே வாங்குங்கள் என்று சொல்வேன். ஸ்லாபையே போலியாகச் செய்கிறார்கள், ஆகவே அதன் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துவிட வேண்டும்.

எங்கே தொடங்குவது?

எல்லா வருஷமும் எல்லா ஊரும் என்று ஆசைப்பட்டால் பாதியில் நிற்க வேண்டியதுதான். சிறியதாக ஒரு வட்டம் போட்டுக்கொள்வது நல்லது. எனக்குத் தெரிந்தவரை அழகான வட்டம் ஹாஃப் ஈகிள். பிலடெல்பியா, சார்லட், டலோனிகா, நியூ ஆர்லியன்ஸ், சான் பிரான்சிஸ்கோ, கார்சன் சிட்டி, டென்வர் என்று ஏழு நாணயச்சாலைகளிலும் அடித்த ஒரே அமெரிக்கக் காசு அதுதான். ஊருக்கு ஒன்று, ஏழு காசு. பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ, டென்வர் மூன்றையும் தங்கத்தின் விலைக்குப் பக்கத்தில் வாங்கிவிடலாம். ‘சி’யும் ‘டி’யும்தான் பையைப் பிடிக்கும். எளிதாகக் கிடைக்கும் வருஷங்களாக, சார்லட்டுக்கு 1847, டலோனிகாவுக்கு 1853 என்று தேடினால் வருஷக்கணக்கில் பணம் சேர்த்து எட்டக்கூடிய இலக்குதான்.

இன்னும் சிறிய வட்டம் வேண்டுமா? 1839இல் மூன்று கிளைகளும் குவார்ட்டர் ஈகிள் அடித்தன, மூன்றிலும் எழுத்து முன்பக்கம், தேதிக்கு மேலே. மூன்று காசு, மூன்று ஊர், ஒரே வருஷம். செலவு அதிகம், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு.

விலைக்குக் கடைக்காரரின் சீட்டை நம்ப வேண்டாம். ஹெரிடேஜ் போன்ற ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களின் முடிவுகளைப் படத்தோடு திறந்து வைத்திருக்கின்றன. நீங்கள் பார்க்கும் அதே வருஷம், அதே ஊர், அதே தரம் கடைசி நாலைந்து தடவை என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். அதோடு, நாளைக்கே விற்றால் வாங்கிய விலை வராது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரியின் லாபமும் ஏலக் கழிவும் போகும். நம் ஊர்ச் செய்கூலி, சேதாரம் மாதிரிதான், பெயர் வேறு. தங்கம் ஏறினால் லாபம் என்று வருகிறவர்கள் இந்தப் பக்கம் வராமல் பிஸ்கட் வாங்கிக்கொள்வது உத்தமம்.

எழுத்துத் தேடும் பழக்கம் வந்துவிட்டால் அமெரிக்கக் காசோடு அது நிற்பதில்லை. நாம் பவுன் என்றும் சவரன் என்றும் சொல்வது பிரிட்டிஷ் சாவரின் காசிலிருந்து வந்ததுதானே. அவர்களும் சிட்னி, மெல்போர்ன், பெர்த் என்று கிளைகளில் அடித்தார்கள். 1918இல் மட்டும் பம்பாயில் அடித்தார்கள். குதிரைமேல் புனித ஜார்ஜ் இருக்கும் பக்கத்தில், தேதிக்கு மேலே தரைக்கோட்டில், இந்தியாவைக் குறிக்கும் சின்ன ‘ஐ’ இருக்கும்.

போன முறை ஊருக்குப் போனபோது லூப்பைக் கையோடு கொண்டுபோனேன். அத்தை பீரோவைத் திறந்து காசுமாலையை எடுத்துக் கொடுத்துவிட்டு, “எதையாவது கழட்டிடாதேடா” என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தேன். பதினோராவது காசு 1918. தரைக்கோட்டில் ‘ஐ’ இருந்தது. பன்னிரண்டு மணி இடத்தில் கொக்கியும் இருந்தது.